அந்த ரத்தம் எங்கே போகிறது என்று கேட்டதற்கா சிரித்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை பினாங்கு பட்டர்வொர்த் கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடி சொல்லத் தேவையில்லை, காணொளி எல்லாருக்கும் வந்துவிட்டது. "ஊசி போட்டா மாசம் வர்றதே நின்னுடுதே, அந்த ரத்தமெல்லாம் எங்க போகுது?" என்று கருத்தடை ஊசியைப் பற்றித் தோட்டத்துப் பெண் ஒருத்தி கேட்டாள். மேடையும் சிரித்தது, சபையும் சிரித்தது. அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அது நியாயமான கேள்வி. தீட்டு ஒழுங்காக வந்தால்தான் உடம்பு சுத்தம், நின்றால் கெட்ட ரத்தம் தேங்கும் என்று சொல்லித்தானே நம் பெண்களை வளர்க்கிறோம்? அப்படி வளர்ந்தவள் பயப்படாமல் என்ன செய்வாள்? பதிலுக்கு இரண்டு நிமிடம் போதும். ஊசி கருமுட்டை வெளிவருவதை நிறுத்துகிறது. கர்ப்பப்பையின் உட்சவ்வு தடிப்பதில்லை. தடிக்காததால் உதிர ஒன்றுமில்லை, தேங்கவும் ஒன்றுமில்லை.

நிபோங் திபாலில் இருக்கும் என் அக்கா மூன்றாவது பிள்ளைக்கு அப்புறம் இதே ஊசிதான் போட்டாள், மூன்று மாதத்துக்கு ஒன்று. அடுப்படி நாள்காட்டியில் தீட்டு நாளுக்குப் பென்சிலால் வட்டம் போடுவாள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு வட்டமே இல்லை. கிளினிக்கில் கேட்டதற்கு நர்ஸ் மிஸ்ஸி கார்டில் எழுதிக்கொண்டே, "அது அப்படித்தான்" என்றார். அதோடு அக்கா ஊசிக்குப் போவதை நிறுத்திவிட்டு, மாமியார் காய்ச்சிய கருஞ்சீரகக் கஷாயத்தைக் குடித்தாள். நாலாவது பிள்ளை எங்கள் எல்லாருக்கும் செல்லம். ஆனால் அந்தப் பிரசவத்தில் அவள் பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

மூடநம்பிக்கைக்கு வக்காலத்தா என்று கேட்பீர்கள். இல்லை. கர்ப்பப்பைக்குள் வைக்கிற கருத்தடை லூப் நெஞ்சுக்கு ஏறும் என்பது பொய், நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் "ஊசி போட்டால் மலடாகிவிடும்" என்ற பயம் எங்கிருந்து வந்தது? ஊசியை விட்ட பிறகு கரு தங்கப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அதை முதலிலேயே சொல்லாமல் "ஒன்றும் ஆகாது" என்று அனுப்பினால், காத்திருக்கிறவள் வேறு என்னதான் நினைப்பாள்?

மிஸ்ஸிகளுக்கு வேலை அதிகம், சரி. 1966-லேயே குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று சட்டம் போட்ட நாடு நம் மலேசியா. இத்தனை வருடம் கழித்தும் ஒரு தாய்க்கு அவள் பேசும் தமிழில் இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை, சிரிப்புதான் கிடைக்கிறது. அதுவும் நம் ஆட்களிடமிருந்து! படிக்காதவள் என்கிறீர்கள். அத்தனை பேருக்கு முன்னால் எழுந்து நின்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

நேற்று ராத்திரி அக்காவே அந்தக் காணொளியை எனக்கு அனுப்பியிருந்தாள். "நானும் இதத்தான்டி கேட்டேன்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் இருந்தால் என் எண்ணை அவளிடம் கொடுங்கள். அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன்.