தி. நகர் கடைத்தெரு மட்டுமல்ல

தீபாவளி நெருங்கினால் போதும், ரங்கநாதன் தெருவில் தலைகள் மட்டும் தெரிகிற அந்தப் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிடும். தி. நகர் என்றால் அவ்வளவுதான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தால் பரவாயில்லை. சென்னைக்காரர்களே அப்படி நினைப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. குடியிருப்பதற்கென்றே திட்டம் போட்டு உண்டாக்கிய பேட்டை இது. கடைகள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

நூறு வருடங்களுக்கு முன் இங்கே ஏரி. மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பெயர், நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு பெயர். நீளமாகக் கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்றார்கள். அதன் கிழக்குக் கரையை ஒட்டித்தான் மவுண்ட் ரோடு போனது. அதில் படகுப் போட்டிகூட நடந்திருக்கிறது. 1920-களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், அந்த ஏரியைத் தூர்த்து மனை போடும் வேலை தொடங்கியது. நடுவில் ஒரு பூங்கா, அதைச் சுற்றிப் பிரிந்து போகும் சாலைகள் என்ற அந்த அமைப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலத்தில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஆனது.

பெயர்களைப் பாருங்கள், நீதிக்கட்சியின் வருகைப் பதிவேடு போலவே இருக்கும். 1920-இல் ஆட்சி அமைக்க அழைப்பு வந்தும் பதவி வேண்டாம் என்ற பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கே கிடைத்தது. முதல்வராக இருந்த பனகல் அரசருக்குப் பூங்கா. நடேசனாருக்கும் ஒரு பூங்கா உண்டு. டி.எம். நாயருக்கு ஒரு சாலை. உஸ்மான் சாலையில் தினமும் நகை வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்த முகமது உஸ்மான் 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக கவர்னராக இருந்தவர் என்று? பாண்டி பஜாருக்கும் பாண்டிச்சேரிக்கும் சம்பந்தமில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனாரின் பெயர் அது.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதி ஒட்டுகளை நீக்கினார்கள். ஜி.என். செட்டி சாலை, கோபதி நாராயணசாமி சாலை ஆனது. நல்ல காரியம்தான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் யார் என்று பலகைக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருக்கலாமே! பெயரை வெட்டத் தெரிந்த அரசுகளுக்கு விளக்கம் எழுத மட்டும் ஏனோ கை வருவதில்லை.

நீதிக்கட்சிக்காரர்கள் பெயர் சூட்டிய பேட்டையில் யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்பது தனிக் கதை. காந்தியடிகள் 1918-இல் தொடங்கிய இந்திப் பிரசார சபை தணிகாசலம் சாலையில் இருக்கிறது. திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர் கடைசிவரை வாடகைக்கு இருந்த வீடு. 1975 காந்தி ஜெயந்தியன்று அங்கேதான் அவர் உயிர் பிரிந்தது. ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம். கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலத் தலைமையகமும் இதே தி. நகரில்தான். தமிழ்நாட்டின் அரசியலை ஒரே காலை நடையில் சுற்றிவந்துவிடலாம். புடவை எடுக்க வருகிறவர்கள் ஒருமுறை காமராசர் வீட்டுக்குள் போய்ப் பார்க்கட்டும். முதலமைச்சராக இருந்தவரின் வீடா இது என்று தோன்றும்.

பழைய பங்களாக்கள் போய்விட்டன என்று பலர் புலம்புகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் அதிகமில்லை. வாரிசுகள் பெருகினால் வீடு அடுக்குமாடி ஆகத்தான் செய்யும். இங்கே காப்பாற்ற வேண்டியது கட்டடங்களைவிட அந்தப் பழைய மனைப்படத்தைத்தான்: பூங்காக்கள், சாலைகளின் அகலம், தண்ணீர் போகும் வழி.

தண்ணீரைத்தான் சொல்ல வேண்டும். உள்தெருக்களில் மிச்சமிருக்கும் பழைய வீடு ஒன்றின் வாசலில் நின்று பாருங்கள். ஒரு காலத்தில் படியேறிப் போன வீட்டுக்கு இப்போது தெருவிலிருந்து இறங்கிப் போக வேண்டும். சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே தாரை ஊற்றி ஊற்றி, தெரு திண்ணை உயரத்துக்கு வந்துவிட்டது. கேட்டின் அடிப்பாகம் தாருக்குள் புதைந்துபோய், அதை முழுதாகத் திறக்கவே முடியாது. ஒரு மணி நேரம் மழை அடித்தால் தெருத்தண்ணீர் முழுவதும் நேராகக் கூடத்துக்கு வருகிறது. ஏரி இருந்த இடம் என்பது தண்ணீருக்கு மறக்கவில்லை; நமக்குத்தான் மறந்துவிட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர் மட்டும் மிச்சம்.

கடைத்தெருவுக்கு 2019-இல் அகலமான நடைபாதை வளாகம், 2023-இல் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம்வரை ஆகாய நடைபாதை. இரண்டும் தேவையானவையே. அதே அக்கறையில் கொஞ்சம் உள்தெருக்களுக்கும் வரட்டும். அடுத்த முறை சாலை போட வருகிறவர்கள் முதலில் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, மழைநீர் வடிகாலின் மட்டத்தையும் பார்த்துவிட்டுப் போடட்டும். வார்டு கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதைத்தான். இந்தப் பகுதியில் குடியிருக்கும் நண்பர்களும் வந்தால் நல்லது.