கூட வெட்டிட்டா பூசி அடைக்கலாமா?

நாமளே கிட் வாங்கிக் கட்டுற ஆர்வி-7 விமானத்தோட கவுலிங்கை (இன்ஜினை மூடுற ஃபைபர்கிளாஸ் மூடி) குறிச்ச கோட்டு மேலயே ஒரே வெட்டா வெட்டிடலாம், கூட வெட்டுப்பட்டா மைக்ரோபலூன் (உள்ள காலியா இருக்குற பொடிப்பொடி கண்ணாடி உருண்டை) கலந்த எபாக்ஸி பசையைப் பூசி அடைச்சிக்கலாம்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு, அது தப்புங்க. மைக்ரோபலூன் கலந்த எபாக்ஸி ஷேப் கொண்டுவரத்தான், பலம் ரொம்ப கம்மி, விளிம்புல பூசினா இன்ஜின் அதிர்வுக்கு விரிசல் விட்டு உதிரும். குறைஞ்சதை ஏத்தணும்னா ஓரத்தை சரிவா தேய்ச்சி கிளாஸ் துணியை (கண்ணாடி இழைத் துணி) லேயர் லேயரா ஒட்டித்தான் ஆகணும், அது பெரிய எரிச்சல் புடிச்ச வேலை. அதனால கோட்டுக்கு வெளிய கொஞ்சம் விட்டு டயமண்ட் டிஸ்க்ல வெட்டுங்க, மிச்சத்தை சாண்டிங் பிளாக்ல தேய்ச்சி, ப்ளேன்ல மாட்டிப் பாத்து, திரும்ப கழட்டித் தேய்ச்சின்னு கொண்டுவாங்க. இன்னொண்ணு, இன்ஜினைத் தாங்குற ரப்பர் மவுண்ட் போகப்போக அமுங்கி இன்ஜின் லேசா இறங்கும், அதனால ஃபிட் பண்ணும்போது ஸ்பின்னர் (ப்ரொப்பெல்லர் நடுவுல இருக்குற கூம்பு) கவுலிங்கைவிட துளி மேல இருக்கட்டும். துணி மாஸ்க் எல்லாம் இந்தத் தூசிக்குப் பத்தாது, ரெஸ்பிரேட்டர் போடுங்க.