அமைதிப்படையில் செத்தவர்களுக்காக யார் கேள்வி கேட்டது?

ஒவ்வொரு மார்ச் மாதமும் இங்கே ஒரு சண்டை கிளம்புகிறது. 1990 மார்ச் 24 அன்று, இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையில் கப்பல் ஏறியது. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய படையினரை வரவேற்க அன்றைய முதல்வர் கலைஞர் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படைக்கு வரவேற்பா என்பது அவர் நிலைப்பாடு. அவர் செய்தது சரியா, துரோகமா என்று இன்றைக்கும் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறோம்.

இந்தச் சண்டையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. முதல்வர் துறைமுகத்துக்குப் போனாரா இல்லையா என்று பேசிப் பேசியே, அந்தப் படையை அனுப்பியது யார், என்ன கணக்கில் அனுப்பினார்கள், 1,150 பேருக்கு மேல் செத்து விழுந்தபோது இந்த நாடு என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்விகளை எல்லோருமாகச் சேர்ந்து புதைத்துவிட்டோம்.

கார்கிலில் அரசு சொன்ன கணக்கு 527 உயிர்கள். அமைதிப்படையில் போனது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். காயம்பட்டவர்கள் சுமார் மூவாயிரம் பேர். கார்கில் நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். யாழ்ப்பாணத்தைப் புலிகளிடமிருந்து பிடிக்க அமைதிப்படை நடத்திய போருக்கு 'ஆபரேஷன் பவன்' என்று பெயர். அதைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

நடந்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். போராளிகளிடமிருந்து ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டு அமைதியைக் காக்கத்தான் படை போகிறது என்று சொன்னார்கள். யாழ்ப்பாணத்து மக்கள் அவர்களை மாலை போட்டு வரவேற்றார்கள். இரண்டே மாதத்தில் எல்லாம் தலைகீழானது. செப்டம்பர் 26 அன்று நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் உயிரை விட்டார். அக்டோபர் 5 அன்று குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட பன்னிரண்டு புலிகள் சிங்களப் படையின் காவலில் சயனைடு கடித்துச் செத்தார்கள். அடுத்த வாரமே போர் தொடங்கிவிட்டது. அமைதி காக்கப் போன சிப்பாய்க்கு, முந்தின நாள் வரை தெருவில் சிரித்துப் பேசியவர்கள்மேல் சுடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தப் புலிகளில் எத்தனையோ பேருக்கு 1983-க்குப் பிறகு பயிற்சி கொடுத்ததே இந்திய உளவுத்துறைதான்.

அக்டோபர் 11 இரவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் புலித் தலைமையைப் பிடித்துவிடலாம் என்று ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கினார்கள். இந்தியப் படையின் வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டுப் புலிகள் காத்திருந்தார்கள். சீக்கிய இலகு காலாட்படையின் 13-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த முப்பது பேர் இறங்கினார்கள். ஹெலிகாப்டர்கள் குண்டடி பட்டதால் மற்றவர்களை இறக்க முடியவில்லை. அந்த முப்பது பேரும் விடிந்த பிறகும், தோட்டா தீரும் வரை சண்டை போட்டார்கள். இருபத்தொன்பது பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். யாழ் நகரத்தைப் பிடித்து முடிப்பதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் போய்விட்டார்கள். சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் முடித்துவிடலாம் என்று டெல்லியில் போட்ட கணக்கு அந்த மாதமே பொய்த்துவிட்டது. அப்புறமும் இரண்டரை வருடம் இழுத்தார்கள்.

இந்தச் சாவுகளுக்கு நாடு எப்படிக் குமுறியது? குமுறவே இல்லை. அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. டெல்லிப் பத்திரிகைகளில் அந்த வருடம் முழுக்க போஃபர்ஸ் பீரங்கி ஊழல். தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன் ஒன்றுதான், அது அரசாங்கத்தின் வாய். அன்றைய ராணுவ வழக்கப்படி களத்தில் செத்தவரைப் பெரும்பாலும் அங்கேயோ பக்கத்திலேயோ எரித்துவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு தந்தி போகும். அப்புறம் பெட்டி, உடைகள், அஸ்தி. மூவர்ணக்கொடி போர்த்திய சவப்பெட்டி ஊருக்கு வந்து, ஊரே திரண்டு நின்று அழுவதெல்லாம் 1999 கார்கிலுக்குப் பிறகு பரவலான காட்சி. அமைதிப்படைச் சிப்பாயின் சாவு பஞ்சாபிலோ கர்வாலிலோ ஒரு குடும்பத்தின் துக்கமாகத் தொடங்கி அந்த வீட்டு வாசலிலேயே முடிந்துபோனது.

வியட்நாமில் அமெரிக்கா மாட்டிக்கொண்டபோது, 1969 ஜூனில் 'லைஃப்' பத்திரிகை ஒரே வாரத்தில் சாவு அறிவிக்கப்பட்ட 242 பேரில் பெரும்பாலோரின் படங்களைப் பெயரோடு பக்கம் பக்கமாகப் போட்டது. அவ்வளவும் சின்னப் பையன்களின் முகங்கள். அங்கே கட்டாய ராணுவச் சேவை இருந்தது, நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கும் எந்த நேரமும் அழைப்பு வரலாம். அதனால் ஒவ்வொரு சாவும் பக்கத்து வீட்டையும் உலுக்கியது. நம் ராணுவத்தில் தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்கள் மட்டும்தான். விரும்பி என்று சொல்கிறோம். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரிக்குப் போகும் ஊர்கள் இருக்கின்றன, அங்கே போய்க் கேளுங்கள், அந்த விருப்பத்துக்குப் பின்னால் எத்தனை கடனும் எத்தனை தங்கச்சி கல்யாணமும் இருக்கின்றன என்று. "சம்பளத்துக்குத்தானே போனான்" என்று சொல்பவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன். சம்பளம் வாங்குகிறவனின் உயிரை எதற்குச் செலவழிக்கிறோம் என்று யோசிக்கிற பொறுப்பு, அனுப்பி வைக்கிற நமக்கு இன்னும் கூடுதலாக உண்டு.

தமிழ்நாட்டில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம், அதில் ஒரு சொல்லைக்கூட நான் குறைக்க மாட்டேன். 1987 தீபாவளி நாளன்று, அக்டோபர் 21-இல், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்து சுட்டது. மறுநாளும் அது ஓயவில்லை. நோயாளிகள், டாக்டர்கள், தாதியர் என்று சுமார் எழுபது பேர் செத்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சாதாரண மக்களைக் கொன்றார்கள். 'இந்தியன் ஆமி' என்ற சொல்லை இன்றும் நடுக்கத்தோடு சொல்கிற வயதான அம்மாக்கள் ஈழத்தில் இருக்கிறார்கள். சிப்பாய்களுக்காகவும் துக்கப்படு என்று நான் சொல்வதைக் கேட்டு, இந்தக் கொலைகளுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் சுட்டவர்கள் கூண்டில் ஏற வேண்டியவர்கள், யாரும் ஏற்றப்படவில்லை.

ஆனால் அந்தக் கோபம் எங்கே போனது? எல்லோரும் வசதியாக மறந்துவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். 1989 நவம்பரில் மக்களவைத் தேர்தல் நடந்தபோது அமைதிப்படை இன்னும் இலங்கையில்தான் இருந்தது, சாவுகள் நிற்கவில்லை. அந்தத் தேர்தலில் படையை அனுப்பிய ராஜீவின் காங்கிரஸும் அதிமுகவும் சேர்ந்த கூட்டணிக்கு 39 இடங்களில் 38-ஐத் தூக்கிக் கொடுத்தது தமிழ்நாடு. திமுகவுக்கு ஒன்றுகூட இல்லை. வட இந்தியாவில் காங்கிரஸ் தோற்றதற்கும் போஃபர்ஸ்தான் பெரிய காரணம், செத்த சிப்பாய்கள் காரணமில்லை. மக்கள் பல காரணங்களுக்காக ஓட்டுப் போடுகிறார்கள், எனக்கும் தெரியும். எம்.ஜி.ஆர். மறைந்து, பிளவுபட்ட அதிமுக மீண்டும் ஒன்றாகி நின்ற நேரம் அது. ஆனாலும் ஈழத்துக்காக உருகிய மாநிலம் இந்த முடிவை எடுத்தவர்களிடம் ஒரு விலையும் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து, கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாயிடம்தான் முகத்தைத் திருப்பினோம். உத்தரவு போட்டவருக்கு ஓட்டு, உத்தரவை நிறைவேற்றியவனுக்கு வெறுப்பு.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்ற பெயர் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பம்பாயில் பிறந்த தமிழர், மகார் ரெஜிமெண்டில் இருந்தவர். 1987 நவம்பர் 25 அன்று, ஒரு தேடுதலை முடித்துத் திரும்பும்போது புலிகள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டு வீழ்த்திவிட்டுச் செத்தார். பரம் வீர் சக்கரம் கொடுத்தார்கள். தமிழ் பேசும் இரண்டு பேர் ஒருவரையொருவர் கொன்றார்கள், இரண்டு பேருக்கும் அது யார் போட்ட சண்டை?

இன்னொரு கொடுமை. 1989 ஜூனில் இலங்கையின் புதிய அதிபர் பிரேமதாசா, ஜூலை 29-க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்றார். இன்னொரு பக்கம் அவர் அரசாங்கமே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. வரச்சொல்லிக் கையெழுத்துப் போட்ட அதே நாட்டின் தோட்டா. அப்போதாவது எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார்களா? இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பினார்கள், வி.பி. சிங் பிரதமரானபோதும் பல சிப்பாய்கள் அங்கேயே கிடந்தார்கள். அந்தக் கடைசி மாதங்களில் செத்த ஒவ்வொருவரும் யாருடைய மானத்தைக் காப்பாற்றச் செத்தார் என்று கேட்டால் டெல்லியில் இன்றுவரை பதில் கிடையாது.

பிறகு 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். அந்தக் குண்டுவெடிப்பில் ராஜீவோடு காவல்துறையினர், பொதுமக்கள் என்று இன்னும் பலர் செத்தார்கள். அதற்கப்புறம் அமைதிப்படையைப் பற்றிக் கேள்வி கேட்டாலே புலி ஆதரவு என்றாகிவிட்டது. அந்தப் பயம் இங்கே பல வருடம் வாயைக் கட்டிப்போட்டது. கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. அதைக் காட்டி ஒரு போரின் கணக்கை மூடி வைப்பதற்கும் நியாயம் கிடையாது.

கார்கில் முடிந்தவுடன் பாதுகாப்பு நிபுணர் கே. சுப்ரமணியம் தலைமையில் ஒரு குழு போட்டார்கள், அடுத்த வருடமே அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. அமைதிப்படைக்கு அப்படி ஒரு பொது விசாரணை நடக்கவில்லை. கொழும்பை அடுத்து, இலங்கை நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இலங்கை அரசே இந்தியச் சிப்பாய்களுக்கு நினைவுச்சின்னம் கட்டிவிட்டது. டெல்லியில் தேசியப் போர் நினைவகம் வந்து அங்கே பெயர் பொறித்தது 2019-இல்தான். நடுவில் எத்தனையோ வருடங்கள் முன்னாள் வீரர்கள் தாங்களே கூடித் தங்கள் தோழர்களுக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டார்கள். ஈழத்தில் அந்தப் படையால் செத்த தமிழர்களுக்கு அந்தப் பெயர்ப் பட்டியல்கூட இந்தியா தரவில்லை.

எனவே அடுத்த மார்ச்சில் கலைஞர் போனாரா போகவில்லையா என்று தொடங்குபவர்களிடம் நான் கேட்கப்போவது இதுதான். படையை அனுப்பிய முடிவு குறித்த அமைச்சரவை ஆவணங்களை வெளியிடச் சொல்லி உங்கள் கட்சி நாடாளுமன்றத்தில் எப்போதாவது கேட்டிருக்கிறதா? யாழ் ஆஸ்பத்திரிக்கும் வல்வெட்டித்துறைக்கும் விசாரணை கேட்டிருக்கிறதா? உங்கள் ஊரில் அமைதிப்படைக்குப் போய்த் திரும்பிய மிலிட்டரிக்காரர் யாராவது இருந்தால், அவர்களுக்கெல்லாம் வயது அறுபது, எழுபது ஆகிவிட்டது. போய் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே பார்த்ததையும் செய்ததையும் அவர் சொன்னால், ஒன்றையும் மறைக்காமல் அவர் வாயாலேயே எழுதி வையுங்கள்.