கேஷ் பண்றதும் நம்ம காசும்

அண்ணே, 'கேஷ்'ங்கிறதே நம்ம காசுதான், செட்டியாருங்க பர்மாவுல கடை வச்சப்ப வெள்ளைக்காரன் எடுத்துக்கிட்டான்னு போட்டிருக்கீங்க, காரைக்குடி குரூப்பு பூரா இதே ஃபார்வர்டுதான் சுத்துது. பாதிதான் சரிண்ணே.

செக்கை கேஷ் பண்றோம்ல, அந்த கேஷ் வேற. லத்தீன்ல 'கப்சா'ன்னா பெட்டி, அது இத்தாலியில 'காஸா', பிரெஞ்சுல 'கேஸ்'னு ஆகி 1500கள் கடைசியிலயே இங்கிலீஷுக்குப் போயாச்சு, மொதல்ல பணப்பெட்டியையும் அப்படித்தான் சொன்னாங்க, அப்புறம் உள்ள இருக்குற பணத்துக்கே அந்தப் பேரு, செக்கை பணமாக்குறதுங்கிற வினை அதுக்கும் பின்னாடி வந்தது. நம்மாளுக பர்மாவுல கிட்டங்கி (வட்டிக்கடை) போட்டதே 1800கள்லதான், கணக்கு எங்கண்ணே இடிக்குதுன்னு பாருங்க. (நம்ம கடைகள்லயும் அந்தக் காலத்துல புதுசா வேலைக்கு வந்த பையனுக்கு பெட்டியடிப் பையன்னுதான் பேரு, அதுவும் பெட்டிதான்!)

ஆனா நம்ம காசும் இங்கிலீஷுக்குப் போயிருக்கு, அது சில்லறைக் காசோட பேரா. போர்ச்சுகீசியர் வாயில காசு 'காய்ஷா' ஆச்சு, அவங்க பாஷையில பெட்டிக்கும் அதே வார்த்தைங்கிறதுதான் இந்தக் குழப்பத்துக்கே காரணம்னு எனக்குத் தோணுது. மெட்ராஸ்ல கிழக்கிந்தியக் கம்பெனி கணக்குல 80 காசு சேந்தா 'பணம்'ங்கிற ஒரு நாணயம், 1808 வருசம் போட்ட செப்புக்காசுல '20 கேஷ்'னே அடிச்சிருக்கும். சீனாக்காரங்களோட ஓட்டைக்காசையும் வெள்ளைக்காரன் அதே பேர்லதான் கூப்பிட்டான்.

இன்னொண்ணு, பட்டாளத்துல ஆபீசரை வேலையவிட்டுத் தூக்குறதுக்கு 'கேஷியர்'னு ஒரு வினை இருக்கு, அதுக்கு பெட்டியும் இல்ல காசும் இல்ல, 'செல்லாம ஆக்கு'ங்கிற பிரெஞ்சு 'காஸே'லேருந்து வந்தது. அதையும் ஃபார்வர்டுல சேத்துறாதீங்க.