சாவு இல்லாத ஒரு நாளில் முடிவெடுங்கள்

ஒரு சபைக்கு இரண்டு கல்லறைத் தோட்டம் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே கிண்ணத்தில் பங்கு பெறுகிறவர்களைச் செத்த பிறகு சாதி பார்த்துப் பிரித்துப் புதைக்கிற வழக்கத்தை எந்த ஆயரும், எந்தப் பேராயரும் ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஊருக்குப் போய்த் திரும்பியதிலிருந்து மனதில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம். பல வருடமாக ஜெர்மனியில் ஒரு லூத்தரன் சபையில் ஊழியம் செய்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி, இனி அவரால் எங்கும் வர முடியாது, நாம்தான் போக வேண்டும். போன வருடம் பெரியப்பா இறந்தபோது என்னால் போக முடியவில்லை. அதனால் ஊருக்குப் போனதும் முதலில் அவரை அடக்கம் செய்த இடத்துக்குத்தான் போனேன்.

தலித் கிறிஸ்தவர்களான எங்கள் தெருக்காரர்களின் கல்லறைத் தோட்டம் வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் குழி வெட்டினால் தண்ணீர் ஊறும். பெட்டியை இறக்குவதற்கு முன் வாளியால் இறைத்துக் கொட்ட வேண்டும். கோயிலுக்குப் பின்னால் மேட்டில் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் போட்டு இன்னொரு தோட்டம் இருக்கிறது. அது சபையில் இருக்கிற மற்றச் சாதிக்காரர்களுடையது. பெரியப்பா வாழ்நாள் முழுக்க அந்தக் கோயிலின் மணியை அடித்தவர். ஆராதனைக்கு, கலியாணத்துக்கு, மேட்டுத் தோட்டத்துக்குப் போன ஒவ்வொரு சாவுக்கும் அவர்தான் மணியடித்தார். அவருக்கு அங்கே ஆறடி இடம் இல்லை.

மேட்டில் இடம் கேட்டுப் பார்த்தீர்களா என்று அக்காவிடம் கேட்டேன். "கேட்டா குடுத்துருவாங்களா தம்பி? பொணத்த வெச்சிக்கிட்டு சண்ட போடச் சொல்றியா?" என்றார்.

இந்த வழக்கம் இத்தனை காலம் நிலைத்து நிற்பதற்குக் காரணம் அக்காவின் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் யாரும் நியாயம் பேச மாட்டார்கள். அழுகிறவர்களைத் தேற்றவா, சபைக் கமிட்டிக்காரர்களிடம் மேட்டுத் தோட்டத்தின் சாவி கேட்டு நிற்கவா? பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிய வேண்டும். எல்லோரும் பழைய பாதையிலேயே தூக்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் அந்தப் பேச்சு அடங்கிவிடும், அடுத்த சாவு வரைக்கும். அதனால்தான் சொல்கிறேன், இந்த முடிவைச் சாவு இல்லாத ஒரு சாதாரண நாளில் எடுக்க வேண்டும்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. எங்களுக்குப் பக்கத்தில்தான் தரங்கம்பாடி. 1706ல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய கடற்கரை. 1718ல் அங்கே எழும்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே பறையர் கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம்தான். 1733ல் வெள்ளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். நல்லது, நம் மண்ணின் முதல் லூத்தரன் குரு அவர். ஆனால் தஞ்சாவூர்ப் படையில் இருந்து பிறகு உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் இல்லாமல் சபைக்குப் போதிக்கிறவராக, ஓடியோடி உழைத்த ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர். அவர் கையால் மற்றவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று யோசித்தே அவருக்குப் பட்டம் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். 1741ல் தியோகு என்ற இன்னொருவருக்குப் பட்டம் கிடைத்தது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான். இறையியல் படிக்கப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் ஆரோனின் பெயரைத் தெரிந்துகொள்கிற அளவுக்கு ராஜநாயக்கனின் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நூறு வருடம் கழித்து, 1833ல், கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சாவூரில் பெரிய எதிர்ப்பு. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களில் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளைப் பாடித்தான் நான் வளர்ந்தேன், இன்றும் பாடுகிறேன், அந்தப் பாட்டுகளின் மேல் எனக்குப் பிரியம் குறையவில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் நின்ற பக்கம் எனக்கு வலிக்கிறது. சாதி என்பது உலக வழக்கம், விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுதான் அன்றைய எதிர்ப்பாளர்களின் வாதம். போன மாதம் எங்கள் ஊர்க் கமிட்டியில் ஒருவர் என்னிடம் வாசற்படியில் நின்று சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்.

ஊரிலிருந்து மதுரைக்கு ரயிலேறினேன். அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில்தான் 1990களின் கடைசியில் பி.டி. என்கிற இறையியல் பட்டப்படிப்பு படித்தேன். 1969ல் லூத்தரன் சபைகளும் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) திருமண்டலங்களும் தனித்தனியாக நடத்தி வந்த குருத்துவப் படிப்பை ஒன்றாக்கி ஆரம்பித்த கல்லூரி. வகுப்பு தமிழில், தேர்வும் தமிழில். பட்டம் மட்டும் வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரியிலிருந்து வரும். செராம்பூருக்குப் பட்டம் கொடுக்கும் உரிமையை 1827ல் டென்மார்க் அரசர் கொடுத்தார். தரங்கம்பாடியும் அன்று அதே அரசரின் கையில்தான் இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துக்கும் என் சான்றிதழுக்கும் இப்படி ஒரு பழைய உறவு.

அந்தக் கல்லூரிக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போய்விட முடியாது. ஒரு காலம் வெளியே போய்க் குடிசைப் பகுதியில் வாடகைக்கு இருந்து, அங்கிருக்கிறவர்களின் பிழைப்பைப் பார்த்து, அப்புறம் வந்து வேதாகமத்தைத் திறக்க வேண்டும். பரட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட தியோபிலஸ் அப்பாவு அண்ணன் அப்போது அங்கே ஆசிரியராக இருந்தார். கிராமத்துப் பாட்டையும் கிராமத்துத் தமிழையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். கோயிலுக்குள் கர்நாடகக் கீர்த்தனைக்கும் மேல்நாட்டு ஞானப்பாட்டுக்கும் மட்டும்தான் மரியாதை என்றிருந்த நாளில், ஒடுக்கப்பட்டவர்களின் மெட்டும் தாளமும் கடவுளுக்கு முன் நிற்கத் தகுதியானவை என்று பாடியே காட்டினார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பது அவருடைய இறையியலின் நடு. எங்கள் தெருவில் பிறந்து, பறைச் சத்தத்தை வெட்கத்தோடு கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தச் சத்தத்தைத் தலை நிமிர்ந்து கேட்கச் சொல்லிக்கொடுத்தவர். 2005ல் காலமானார். ஜெர்மனியில் தலித் இறையியல் பற்றி யாராவது கேட்டால் அவரைப் பற்றிப் பேசாமல் நான் முடிப்பதில்லை.

இந்த முறை மாணவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கல்லறை விஷயத்தைச் சொன்னேன். கடைசி வருடம் படிக்கிற ஒரு தங்கை, "எங்க சேகரத்துலயும் ரெண்டுதான் ஐயா. நான் ஆயராப் போயி இதப் பேசுனா அடுத்த மாசமே மாத்திருவாங்க. அதுக்கப்புறம் வர்றவரு பேசுவாரா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். கல்லூரி தன் வேலையைச் செய்துவிட்டது. இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லி அனுப்புகிறது. அவர்களைத் தனியாளாகக் கமிட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, மேலிடம் வேடிக்கை பார்க்கிறது. சபைக்காரர்கள் ஒரு புகார் எழுதினால் இளம் ஆயர் பெட்டியைக் கட்ட வேண்டும். தீர்மானம் மேலிருந்து வந்தால் அந்தப் பிள்ளை அதை வாசித்தால் போதும், சண்டை போட வேண்டியதில்லை.

ஒவ்வொரு ஆகஸ்ட் 10ம் கறுப்பு நாள் என்று ஊர்வலம் போகிறோம். யார் யார் அட்டவணைச் சாதியினர் என்று சொல்கிற 1950ன் அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி தலித் கிறிஸ்தவர்களான நம்மை வெளியே தள்ளியது, 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், நம்மை இன்னும் சேர்க்கவில்லை. அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு சரி, என் அக்கா பிள்ளைகள் அதனால் இழந்தது எனக்குத் தெரியும். கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு முன்வரிசையில் நடக்கும் தலைவர்கள் அதே நாளில் தங்கள் சபைகளின் கல்லறைத் தோட்டங்களையும் ஒன்றாக்கட்டும். அரசாங்கத்திடம் கேட்பதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு கூட்டம் போதும்.

இடம் இல்லை என்பார்கள். மேட்டில் பாதி இடத்தை இன்னும் சாகாதவர்களுக்காகக் குடும்பக் கல்லறை என்று வளைத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஒதுக்கீட்டை முதலில் ரத்து செய்யுங்கள். இனி இறக்கிற வரிசையில் குழி, யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் சரி. வாய்க்கால் ஓரத்தில் புதிதாக யாரையும் புதைக்க வேண்டாம், பழைய கல்லறைகளைத் தோண்டவும் வேண்டாம், வேலி போட்டுப் பராமரித்தால் போதும். நான் வேலை செய்கிற நாட்டில் கல்லறை இடத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுப்பார்கள், அது முடிந்ததும் அந்த இடம் வேறொருவருக்குப் போகும். அதில் யாரும் அவமானம் பார்ப்பதில்லை. நெருக்கடி இருக்கிற சபைகள் நம் ஊரிலும் அதை யோசிக்கலாம்.

என்னோடு அரசரடியில் படித்தவர்களில் சிலர் இன்று திருமண்டலங்களிலும் சபை ஆலோசனைச் சங்கங்களிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். தீர்மானத்துக்கு ஒரு பக்க வரைவு எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன், திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ச் சபைக்கு அம்மாவும் அக்காவும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துவிட்டார்கள். வருகிற கல்லறைத் திருநாளுக்கு முன்பு கமிட்டி அதை எடுத்துப் பேச வேண்டும் என்பது அவர்கள் கேட்டிருக்கும் தேதி.