ஏழு ஆண்டு பிரிந்திருந்தால் விவாகரத்து ஆகிவிடுமா?

"கணவன் மனைவி ஏழு ஆண்டு பிரிந்து வாழ்ந்தால் திருமணம் தானாகவே ரத்து, கோர்ட் படியேற வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. பிரிந்திருப்பதால் மட்டும் எந்தத் திருமணமும் ரத்தாவதில்லை.

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் ஏழு என்ற எண் இருப்பது உண்மைதான். துணைவர் உயிரோடு இருப்பதாகவே ஏழாண்டாகத் தகவல் இல்லையென்றால் விவாகரத்து கேட்டு மனு போடலாம். மாதாமாதம் போன் செய்து பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குச் சண்டை பிடிப்பவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்!

அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி மறுமணம் செய்தால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை (அங்கேயும் ஏழுதான்). சட்ட வாசகத்தை மத்திய அரசின் இந்தியா கோட் இணையதளத்தில் படிக்கலாம். சட்ட உதவிக்கு 15100. தயவுசெய்து அந்தச் செய்தியைப் பகிராதீர்கள்.