கிட்டப்பா இறந்ததும் சுந்தராம்பாள் ஒதுங்கிவிட்டாரா?

பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாளை மேடைக்குக் கொண்டுவந்ததே அவர் கணவரான நாடக நடிகர் கிட்டப்பாதான், 1933-இல் அவர் மறைந்ததும் சுந்தராம்பாள் ஒதுங்கிவிட்டார், 'ஔவையார்' படத்தில்தான் திரும்பி வந்தார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள் சிறுமியாக இருந்தபோதே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். இலங்கை மேடைகளில் பெயர் வாங்கிய பிறகுதான் கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். அந்த ஜோடியின் புகழ் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டு அவருக்கு யாரும் கொடுத்ததல்ல.

கணவர் போனபின் வெள்ளைப் புடவைக்கு மாறினார், கொஞ்ச காலம் விலகியும் இருந்தார். அப்புறம் 1935-இலேயே 'நந்தனார்' வந்துவிட்டதே! அதில் அவருக்கு ஆண் வேடம், நந்தனாரே அவர்தான். எதிரில் வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அந்தக் காலத்து ஒரு லட்சம்! 1940-இல் 'மணிமேகலை'. ஜெமினி ஸ்டுடியோவின் 'ஔவையார்' வந்தது 1953-இல். அதற்குள் அவர் சென்னை சட்ட மேலவை உறுப்பினராகவே ஆகிவிட்டார்.

ஜோடி வேடங்களைத் தவிர்த்தார் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.